நிலையற்ற சந்தையும் நம் கையிலுள்ள அமானிதமும்



வசதி படைத்த நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "பணத்தை எதில் போடுவது?" பங்குச் சந்தை ஒரு நாள் ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. தங்கத்தின் விலை நினைத்துப் பார்க்க முடியாத உயரத்தில் நிற்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர், கொழும்புக் கடையை விற்றவர், சென்னையில் நடத்திய வணிகத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர் எனப் பலருடைய கையிலும் பெருந்தொகை ஒன்று தேங்கி நிற்கிறது. வட்டிக்கு விட மனம் ஒப்பவில்லை. சும்மா வைத்திருக்கவும் அச்சமாக இருக்கிறது.

எங்கள் வாப்பா வஃபாத்தாகி, அவர்களுடைய கொழும்புக் கடையும் சரக்கும் பணமாக மாறியபோது, உம்மாவும் பிள்ளைகள் ஐவருமாகிய நாங்களும் இதே கேள்வியின் முன் நின்றோம். பல மாதங்கள் படித்தோம், ஆலிம்களிடமும் தணிக்கையாளரிடமும் விசாரித்தோம், எங்களுக்குள் வாதிட்டுக்கொண்டோம். அவற்றில் தெளிந்தவை பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறோம். எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது எங்கள் நோக்கமன்று. "எதில் போடுவது?" என்று கேட்பதற்கு முன்னால், "இது யாருடைய பணம்? இதில் எவ்வளவு போனால் அவரால் தாங்க முடியும்?" என்று கேட்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல விழைவது.

மூன்று நகரங்கள்

எங்கள் ஊர் காயல்பட்டினம். கடல் கடந்து பொருளீட்டுவது எங்களுக்குப் புதிதன்று. எங்கள் பாட்டனார் இரங்கூனில் கடை வைத்திருந்தார்கள். 1964ஆம் ஆண்டு மார்ச்சில் நீ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. செட்டியார்களும் மரைக்காயர்களும் பிறரும் தலைமுறைகளாகச் சேர்த்ததை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அவர்களுள் எங்கள் பாட்டனாரும் ஒருவர். அவர்களுடைய கணக்கு நேர்மையானது. வணிகம் நல்ல நிலையில் இருந்தது. ஒரு நாட்டின் சட்டம் மாறியவுடன் எல்லாம் போய்விட்டது.

மூத்த காக்கா துபாயில் வேலை பார்த்த காலத்தில் 2008 வந்தது. அங்கே வீடுகளின் விலை அதன் உச்சத்திலிருந்து ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. கட்டி முடிக்கப்படாத அடுக்ககங்களுக்குத் தவணை செலுத்திக்கொண்டிருந்த நம்மவர்கள் பலர், வேலையும் போய் வீடும் கிடைக்காமல் ஊர் திரும்பியதை நாம் அறிவோம்.

2022இல் கொழும்பு. அவ்வாண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200 இலங்கை ரூபாயாக இருந்தது, மே நடுவில் 360ஐ எட்டியது. ஏப்ரல் 12ஆம் நாள் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. புறக்கோட்டையில் இருந்த வாப்பாவின் துணிக்கடையில் அப்போது நாங்கள் கண்கூடாகக் கண்டது ஒன்று: ரொக்கமாக வைத்திருந்தவர்களின் பணம் சில வாரங்களில் கரைந்தது. கிடங்கில் சரக்கு வைத்திருந்தவர்களின் மதிப்பு ஓரளவு நின்றது. ஆனால் வாங்கும் ஆட்கள் இல்லாததால், சரக்கைப் பணமாக்க நெடுநாள் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும் 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 2020இல் ஜனவரி நடுவில் 41,900 புள்ளிகளைத் தாண்டியிருந்த சென்செக்ஸ் மார்ச் 23ஆம் நாள் 26,000க்குக் கீழே இறங்கியது. பின்னர் மீண்டது என்பது உண்மை. ஆயினும் அந்த மார்ச்சு மாதத்தில் மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்பட்டவருக்கு, அது பின்னால் மீண்டதால் என்ன பயன்?

இவற்றை எண்ணிப் பார்க்கும்போது, சந்தை நிலையாக இருந்த காலம் என்று ஒன்று எங்கள் குடும்ப வரலாற்றில் தென்படவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு புயல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாட்டில், ஒரே நாணயத்தில், ஒரே வகைச் சொத்தில் வைத்தவர்களே அதிகம் இழந்தார்கள். "ஒரு தோணியில் சரக்கு முழுவதையும் ஏற்றாதே" என்று வாப்பா சொல்வார்கள். கடல் வணிகம் செய்த முன்னோரின் அனுபவம் அது.

முதலில் பங்கீடு

எங்கள் உரையாடலின் தொடக்கத்தில் ஒரு கருத்து வலுவாக இருந்தது. தொகை முழுவதையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்து, ஆண்மக்கள் மூவரும் பொறுப்பேற்று ஒரு வணிகக் கட்டடம் வாங்கலாம், வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். "ராத்தாமாருக்குத்தான் ஆளுக்கொரு வீடு கொடுத்தாயிற்றே" என்றும் ஒரு பேச்சு எழுந்தது.

எங்கள் ஊரிலும் கீழக்கரையிலும் திருமணத்தின்போது பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் வாழ்நாளில் கொடுத்த அன்பளிப்பு வேறு; இறந்தபின் வரும் வாரிசுரிமை வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைக் குறைக்க மார்க்கத்தில் இடமில்லை என்று எங்கள் பள்ளியின் இமாம் தெளிவாகச் சொன்னார்கள். அடக்கச் செலவு, இறந்தவரின் கடன், கொடுக்கப்படாத மஹர் இருந்தால் அதுவும் கடனே, மூன்றிலொன்றுக்கு மேற்படாத மரணசாசனம் என்ற வரிசையில் எல்லாம் நிறைவேறியபின் எஞ்சுவது வாரிசுகளுக்கு உரியது. எங்கள் கணக்கில் எஞ்சிய தொகையை 64 பங்காக்கினோம். உம்மாவுக்கு 8, ஆண்மக்கள் மூவருக்கும் தலா 14, பெண்மக்கள் இருவருக்கும் தலா 7. கூட்டிப் பார்த்தால் 64. ஒவ்வொருவர் பங்கும் அவரவர் வங்கிக் கணக்கில் சேர்ந்த பின்னரே முதலீட்டுப் பேச்சைத் தொடர்வது என்று முடிவெடுத்தோம்.

இதை மார்க்கக் கடமை என்ற அளவில் மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. முதலீட்டு நோக்கிலும் இதுவே அறிவுடைமை என்று பின்னர் விளங்கியது. பொதுவில் வைத்த பணத்துக்கு முடிவெடுப்பவர்கள் ஆண்கள். இழப்பு வந்தால் அதைச் சுமப்பவர்களில் பெண்களும் உண்டு. நாற்பது வயதில் தொழில் நடத்தும் தம்பியால் பத்தாண்டு காத்திருக்க முடியும். எழுபதைக் கடந்த உம்மாவால் முடியுமா? உம்மாவிடம் கேட்டபோது, "எனக்கு ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். மாசாமாசம் யார்ட்டயும் கையேந்தாம இருந்தாப் போதும்" என்றார்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு முதலீட்டுத் திட்டமே அடங்கியிருந்தது. இளைய ராத்தாவோ, பிள்ளைகளின் மேற்படிப்புக்கு ஐந்தாண்டுகளில் பணம் தேவை என்றார்கள். ஒரே குடும்பம், ஒரே சொத்து. ஆனால் தேவைகள் வேறு, பொறுக்கும் ஆற்றல் வேறு. பிரிக்காமல் வைத்திருந்தால் இந்த வேறுபாடு எங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

வாய்ப்புகளும் அவற்றின் மறுபக்கமும்

தங்கத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைக் கடந்தபோது, இனித் தங்கம் இறங்கவே இறங்காது என்ற பேச்சு எங்கும் கேட்டது. அதே தங்கம் 2011இல் 1,900 டாலரை எட்டிவிட்டு, 2015 இறுதியில் 1,050 டாலர் அளவுக்கு வீழ்ந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், நம் வீடுகளில் தங்கம் என்றால் நகை. வாங்கும்போது செய்கூலி, சேதாரம். விற்கும்போது அவை திரும்பி வாரா. சேமிப்புக்காக என்றால் நாணயமாகவோ கட்டியாகவோ வைப்பதே முறை. ஏறத்தாழ 11 பவுனைத் தொடும் தங்கம் ஜகாத்தின் நிஸாபை எட்டிவிடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதை அவரவர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே நல்லது.

நிலமும் கட்டடமும் நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தவை. கண்ணால் காணலாம்; வாடகை ஹலாலான வருவாய். ஆனால் அவசரத்துக்கு விற்க முடியாது. நம் ஊர்களில் ஏற்கெனவே செல்வத்தின் பெரும்பகுதி வீடுகளிலேயே முடங்கியிருக்கிறது. பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனை என்று ஒரு தெருவில் நடந்து எண்ணிப் பார்த்தாலே புரியும். அதோடு, பட்டா யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுகளுக்குப் பார்க்கப்பட்டது, மூலப் பத்திரம் இருக்கிறதா, வாரிசுகள் எல்லாரும் கையொப்பமிட்டார்களா, அது வக்ஃபு நிலமா என்பவற்றைத் தரகரின் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடக் கூடாது.

பங்குச் சந்தையைச் சூதாட்டம் என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. ஒரு நிறுவனத்தில் பங்கு வாங்குவது அதன் உடைமையில் பங்காளியாவதே என்பதால், சில நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கும் ஆலிம்கள் பலர். வங்கி, மது, சூது, பன்றியிறைச்சி போன்ற தொழில்கள் விலக்கப்படுகின்றன. நிறுவனத்தின் வட்டிக் கடன் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். ஷரீஆ அமைப்புகள் பலவும் அதை ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குள் வைக்கின்றன. தவறான வழியில் வரும் வருவாய் மிகச் சொற்பமாக இருக்க வேண்டும்; அந்த அளவையும் கணக்கிட்டு, நன்மையை எதிர்பாராமல் கொடுத்துத் தூய்மைப்படுத்த வேண்டும். இத்தகைய வடிகட்டலோடு தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி 50 ஷரீஆ குறியீடு இருக்கிறது. டாடா எதிகல், டாரஸ் எதிகல் போன்ற பரஸ்பர நிதிகளும் இருக்கின்றன.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. நிஃப்டி 50இல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வங்கி, நிதி நிறுவனங்களே. அவற்றை நீக்கிவிட்டால், எஞ்சுவதில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் எடை கூடிவிடுகிறது. 2022இல் நிஃப்டி ஐடி குறியீடு கால்பங்குக்கும் மேல் வீழ்ந்தது. ஆகவே நம் பங்கு முதலீடு, பிறருடையதைவிட ஒரு துறையை அதிகம் சார்ந்திருக்கிறது. ஹராமைத் தவிர்ப்பதற்கு நாம் மனமுவந்து ஏற்கும் நிபந்தனை இது. ஏற்றுக்கொள்ளும்போது அதன் அளவை அறிந்து ஏற்க வேண்டும். பங்குகளில் எவ்வளவு என்ற வரம்பை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளவும் வேண்டும்.

எங்கள் மூத்த காக்காவின் மகன், பட்டம் முடித்த இளைஞன், எதிர்கால ஒப்பந்த வணிகத்தில் ஆர்வம் காட்டினான். ஆலிம்கள் அதை ஏன் விலக்குகிறார்கள் என்பதோடு, செபியின் 2024ஆம் ஆண்டு ஆய்வையும் அவனுக்குக் காட்டினோம். மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்திருந்தார்கள். இழப்பின் மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். மார்க்கத்தின் தடையும் கணக்கின் விடையும் ஒன்றாக நின்றதைக் கண்டு அவன் ஒதுங்கிக்கொண்டான்.

வங்கியில் வட்டியில்லா நடப்புக் கணக்கில் வைப்பது பாதுகாப்புதானே என்று கேட்கலாம். ஓரிரு ஆண்டுச் செலவுக்கானதை அப்படி வைப்பது அவசியம். அதற்கும் எல்லை உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்ச ரூபாய் வரையே காப்புறுதி இருக்கிறது. மேலும், ஆண்டுதோறும் 2.5 விழுக்காடு ஜகாத் கொடுத்துவந்தால், அசையாமல் கிடக்கும் 100 ரூபாய் பத்தாண்டுகளில் ஏறத்தாழ 78 ஆகும். விலைவாசி உயர்வு வேறு. ஜகாத் இழப்பன்று, அது நம் பொருளைத் தூய்மையாக்குவது. அதோடு, தேங்கிய பணத்தை உழைக்க அனுப்பு என்று ஆண்டுதோறும் அது நமக்கு நினைவூட்டுவதாகவும் எங்களுக்குத் தோன்றுகிறது.

'ஹலால்' என்னும் பெயர்ப்பலகை

நம் சமுதாயத்தை அதிகம் ஏமாற்றியது சந்தையன்று. 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் வந்த திட்டங்கள். 2019 ஜூனில் பெங்களூருவில் ஐஎம்ஏ நிறுவனம் கவிழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஓய்வூதியத்தையும் மகளின் நகையையும் கொடுத்தவர்கள் அவர்கள். முதலீட்டாளர் அல்லர், வணிகப் பங்காளிகள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மார்க்க மொழி பேசப்பட்டதால் கணக்கைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

இதை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: "நட்டம் வந்தால் என்ன செய்வீர்கள்?" முளாரபாவில் பணம் போட்டவர் பண இழப்பையும், உழைத்தவர் உழைப்பின் இழப்பையும் ஏற்கிறார்கள். முஷாரகாவில் அவரவர் மூலதன விகிதப்படி நட்டம் பகிரப்படுகிறது. இழப்புக்குப் பொறுப்பேற்பவருக்கே ஆதாயத்தில் உரிமை என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. அப்படியிருக்க, "லட்சத்துக்கு மாதம் மூவாயிரம், நட்டமே வராது" என்று ஒருவர் உறுதியளித்தால், அது வட்டியாக இருக்க வேண்டும் அல்லது பொய்யாக இருக்க வேண்டும்.

ஷரீஆ முத்திரை இருந்தாலே இடர் நீங்கிவிடும் என்பதும் தவறு. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்டு குழுமம் கடன்களுக்குத் தவணை கேட்டபோது, அதன் நகீல் நிறுவனத்தின் சுகூக் பத்திரங்களும் ஆட்டம் கண்டன. அபுதாபி உதவியதால் அவை தீர்க்கப்பட்டன. 2017இல் தானா காஸ் நிறுவனம், தான் வெளியிட்ட 70 கோடி டாலர் சுகூக் ஷரீஆவுக்கு உட்பட்டதன்று என்று தானே சொல்லி, பணம் தர மறுத்தது. அடுத்த ஆண்டில்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஹலால் என்பது பொருளின் தன்மையைச் சொல்வது. பொருள் நிலைக்கும் என்பதற்கு அது உறுதியாகாது.

எழுதி வைத்தல்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று பலமுறை நாம் கேட்டிருக்கிறோம். அல்பகராவின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதும் சாட்சி வைப்பதும் பற்றியது. இவ்வளவு விரிவாக வேதம் வலியுறுத்திய ஒன்றை, "நமக்குள் என்ன எழுத்து, நம்பிக்கை இல்லையா?" என்று நாம் தள்ளிவிடுகிறோம். மச்சானிடம் கொடுத்த பணம், கூட்டாளியிடம் போட்ட முதல், தம்பி பெயரில் வாங்கிய மனை ஆகிய அனைத்தும் கொடுத்தவரின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அவர் கண்மூடிய அன்று அந்த நினைவும் அடக்கமாகிவிடுகிறது.

எங்கள் வாப்பா விட்டுச்சென்றவற்றுள் மிக மதிப்புள்ளது எது என்று கேட்டால், ஒரு பச்சை அட்டைக் கணக்குப் புத்தகம் என்போம். யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தப் பத்திரம் எங்கே என்று தம் கையெழுத்தில் அவர்கள் எழுதியிருந்தார்கள். சந்தை குலைந்து கிடந்த ஆண்டுகளிலும் எங்கள் பங்கீடு சச்சரவின்றி நடந்ததற்கு அதுவே காரணம்.

ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை சில உண்டு. வங்கியிலும் பங்கிலும் எழுதப்படும் நியமனதாரர் உரிமையாளர் அல்லர். பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கி வைப்பு ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குச் சென்றுவிடும். ஏழாண்டுகள் பெறப்படாத பங்காதாயமும் அதற்குரிய பங்குகளும் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். திரும்பப் பெற முடியும் என்றாலும், இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? வெளிநாட்டில் கணக்கோ வீடோ உள்ளவர் இந்தியாவில் வசிப்பவராக ஆகிவிட்டால், வருமான வரிப் படிவத்தில் அதைக் காட்ட வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் கடுமையானது.

எங்கள் ஏற்பாடு எளியது. உம்மாவின் பங்கில் இரண்டாண்டுச் செலவு ரொக்கமாக இருக்கிறது. மீதி, நல்ல வாடகைதாரர் உள்ள ஒரு சிறு கடையில். இளைய ராத்தா படிப்புக்கான தொகையைப் பங்குச் சந்தைப் பக்கமே கொண்டுசெல்லாமல், ஒரு பகுதியைத் தங்க நாணயமாகவும் மறு பகுதியை இரண்டு வங்கிகளிலும் வைத்திருக்கிறார்கள். நீண்ட காலம் காத்திருக்க முடிந்தவர்கள் மாதந்தோறும் சிறிது சிறிதாக ஷரீஆ நிதிகளில் சேர்க்கிறோம். தம்பியின் தொழிலில் இருவர் பங்காளிகள். நட்டப் பகிர்வு உட்பட அனைத்தும் முத்திரைத் தாளில், சாட்சிகளோடு. எவர் பங்கும் ஒரே வகையில் முழுதாக இல்லை. இவற்றுள் எது ஏறும், எது இறங்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். எது இறங்கினாலும் உம்மாவின் மாதச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் நிற்காது என்பதை மட்டும் நாங்கள் அறிவோம்.

இதைப் படிக்கும் குடும்பங்கள் இந்த வாரம் ஓர் இரவு ஒன்றாக அமர்ந்து, தங்களிடம் இருப்பது எது, அது யாருடையது, எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பெண்மக்களையும் அந்த இருக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பொருளில் ஹலாலையும் பரக்கத்தையும், அதை உரியவரிடம் சேர்க்கும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.